சனிக்கிழமைச் சவரம்

முகத்தில் பாதி நுரையோடு தபால்காரர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். வலது கன்னம் மழமழவென்று முடிந்துவிட்டது. இடது கன்னத்தில் நுரை காய்ந்து, பழைய சுவரின் சுண்ணாம்பு மாதிரி உதிரத் தொடங்கியிருந்தது. மதியவேளை, சலூனில் வேறு ஆள் இல்லை. சவரம் செய்துகொண்டிருந்த பூக்கை, கடைக்குப் பின்னால் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் தண்ணீரை நிறுத்த மனம் வரவில்லை. நிறுத்தினால் உள்ளே போக வேண்டும். உள்ளே அந்தக் கழுத்து இருக்கிறது.

பூக்கை என்பது பட்டப்பெயர். கத்தி முகத்தில் ஓடுவதே தெரியாது, பூவை வைத்துத் தடவின மாதிரி இருக்கும் என்று எப்போதோ ஒரு வாடிக்கையாளர் வைத்தது. அவருடைய கூட்டாளிக்குப் பெயர் ரேடியோ. கடை திறந்தால் மூடும்வரை வாய் ஓயாததால் வந்த பெயர். இரண்டும் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டன. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

டீ குடித்துவிட்டு வந்த ரேடியோவின் குரல் உள்ளேயிருந்து கேட்டது. "மச்சான்! ஆள பாதியில விட்டுட்டு அங்க என்ன பண்ற?"

"தோள்பட்டை வலிக்குது. நீ முடிச்சுடு."

பதிலுக்கு, பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்துக் கிண்ணத்தில் சுழற்றும் சத்தம் கேட்டது. அதிலேயே ரேடியோவின் கோபம் தெரிந்தது. கூடவே வேலை பார்த்தவனுக்குக் கிண்ணச் சத்தத்தில் கோபம் தெரியாதா என்ன!

தோள்பட்டையில் வலி இல்லை. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "உங்க வயசுக்கு இது இரும்பு" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். விஷயம் வேறு. ஏழெட்டு மாதம் முன்னால் ஒரு வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து, கழுத்தை நீட்டி, "பூக்கை, இப்ப என் உசுரு உங்க கையிலதான்" என்றார். எத்தனையோ பேர் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன தமாஷ் அது. அதற்கென்று தேய்ந்த பதிலும் ஒன்று உண்டு. "பத்திரமா திருப்பித் தந்துடறேன் சார்" என்றார் பூக்கை. வாத்தியார் சிரித்தார். ரேடியோ சிரித்தார். கத்தி தாடைக்குக் கீழே வந்தபோது, எங்கிருந்தோ ஒரு நினைப்பு பூக்கையின் தலைக்குள் நுழைந்தது. ஒரு இழு இழுத்தால்?

அவ்வளவுதான். வாத்தியார் மேல் பகை இல்லை, யார் மேலும் இல்லை. கொசுவை அடிப்பதற்கே யோசிக்கிற மனிதர். அந்த நினைப்பை உதறினார். அடுத்த நாள் அது திரும்பி வந்தது. விரட்ட விரட்ட, சோறு கண்ட இடத்துப் பூனை மாதிரி கழுத்துக்குக் கழுத்து வந்து உட்கார்ந்தது. கை வியர்த்தது. நெஞ்சு படபடத்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினால்தான் மூச்சு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாச் சவரத்தையும் ரேடியோ பக்கம் தள்ளிவிட்டு, கத்தரிக்கோலும் மிஷினுமாக ஒதுங்கினார். இன்றைக்குத் தபால்காரர்தான், "எனக்கு உங்க கைதான் வேணும்" என்று குழந்தை மாதிரி அடம்பிடித்து உட்கார்ந்தார். உட்கார்ந்த சூட்டோடு தூங்கியும் போனார். தூங்குகிறவன் கழுத்து. அதற்கு மேல் பூக்கையால் முடியவில்லை.

குழாயை மூடினார். கை விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. இதே கைதானே அப்போதும் இருந்தது என்று அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்போது என்றால் இருபது வயது. இரண்டு பேரும் ஒரே சலூனில் தொழில் பழகச் சேர்ந்தார்கள். அங்கே முதல் பாடம் பலூன். பலூனை ஊதிக் கட்டி, மேலெல்லாம் நுரை பூசி, வெடிக்காமல் வழிக்க வேண்டும். ரேடியோவின் பலூன்கள் படார் படார் என்று வெடிக்கும். பேசிக்கொண்டே வழித்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? முகமெல்லாம் நுரையோடு நிற்பான், தெருவே எட்டிப் பார்க்கும். பூக்கையின் பலூன் மட்டும் ஒருநாளும் வெடித்ததில்லை. நுரை போய், பலூன் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு கையில் நிற்கும். அதைத் தெருக் குழந்தைகளிடம் கொடுப்பான். அந்த வயதில் அவனுக்கு உலகத்தில் எதுவும் உடையாது என்றுதான் தோன்றியது.

வயதொத்த பையன்கள் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வது போலத்தான் அவர்களும் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு ரேடியோவின் தங்கை மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு சலூன் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தாள். அண்ணனுக்குத்தான் சாப்பாடு. ஆனால் பார்வை மட்டும் பலூன்காரன் பக்கம் போயிற்று. "நான் வாய் தவறிக் கூப்பிட்டது பலிச்சுப்போச்சே!" என்று அவளுக்கும் பூக்கைக்கும் கல்யாணம் நடந்த அன்று ரேடியோ கூட்டத்தில் தலையில் அடித்துக்கொண்டான். அந்த வருஷமே இரண்டு பழைய நாற்காலிகளும் ஒரு பாட்டுப் பெட்டியும் வாங்கிச் சொந்தக் கடை போட்டார்கள். கண்ணாடி பெரிதாக இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியது பூக்கை. அதைத் தலையில் சுமந்து வந்தது ரேடியோ. வழி நெடுக வானத்தையும் மரங்களையும் காட்டிக்கொண்டு வந்தது அந்தக் கண்ணாடி.

சனிக்கிழமை வழக்கமும் அன்றைக்குத் தொடங்கியதுதான். சனிக்கிழமை வேலை முடிந்ததும் முதலில் ரேடியோ பூக்கைக்குச் சவரம் செய்வார். பிறகு பூக்கை ரேடியோவுக்கு. வேறு யார் கையும் அவர்கள் முகத்தில் பட்டதில்லை, தங்கள் கைகூட. சாய்ந்த வெயில் கண்ணாடியில் பட்டு எதிர்ச் சுவரில் விழும். பாட்டுப் பெட்டி தன்பாட்டுக்குப் பாடும். நாளெல்லாம் ஓயாத அந்த வாய், பூக்கையின் பிரஷ் பட்டதும் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோகும். அடுத்தது குறட்டைதான். வாரத்தில் ரேடியோ அணைகிற நேரம் அது ஒன்றுதான் என்று அவருடைய தங்கை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சனிக்கிழமைகள் நின்றுபோய் மூன்று மாதம் ஆகிறது. முதல் வாரம் காய்ச்சல் என்றார் பூக்கை. அடுத்த வாரம் அவசர வேலை. அப்புறம் தோள்பட்டை. தன் முகத்தை மிஷினால் தானே ஒதுக்கிக்கொண்டார். ரேடியோவோ, "உன் கை பட்டாத்தான். இல்லன்னா இப்படியே கெடக்கட்டும்" என்று விட்டுவிட்டார். தாடி வளர்ந்தது. வளர்ந்து, நரையும் கறுப்புமாக முகத்தையே மூடிவிட்டது. சலூன்காரர் தாடியோடு நின்றால் ஊர் சும்மா விடுமா? "என்ன ரேடியோ, ஏரியல் முளைச்சிருக்கு?" என்றார்கள். "மருந்துக்கடைக்காரரே இருமினா யாருகிட்ட போறது?" என்றார்கள். ரேடியோ எல்லாருக்கும் சிரித்துப் பதில் சொன்னார். ஆனால் பூக்கை பக்கம் திரும்பும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

தபால்காரர் முகத்தை ரேடியோ முடித்து அனுப்பியதற்கு மறுநாள் சனிக்கிழமை. கடைசி ஆள் போனதும் ரேடியோ ஷட்டரைப் பாதி இறக்கினார். பாட்டுப் பெட்டியை அணைத்தார். அதை அவர் தானாக அணைத்துப் பூக்கை பார்த்ததில்லை.

"நேராவே கேக்குறேன் மச்சான். தனியா கடை போடப் போறியா?"

"என்னது?"

"பின்ன என்ன? என் மூஞ்சியத் தொட மாட்டேங்குற. நீயா ஒருநாள் கூப்பிடுவேன்னு பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லு, கால்ல வேணா விழுறேன். தங்கச்சிகிட்ட கேட்டா அவ வாயத் தொறக்காம அழுவுறா. பிரியுறதுன்னா பிரிஞ்சுக்கலாம். ஆனா மொகம் பாத்துச் சொல்லிட்டுப் போ."

பூக்கை முகம் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தார். அதில் இரண்டு காலி நாற்காலிகளும் ஒரு தாடிக்காரரும் தெரிந்தார்கள். இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது இதற்காகத்தான். சொன்னால் இந்த ஆள் போய்விடுவார். சொல்லாவிட்டாலும் போகப்போகிறார். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் ஜாண் என்ன, முழம் என்ன.

"கத்தியத் தொட்டா... உன் கழுத்த அறுத்துடுவேனோன்னு பயமா இருக்குடா."

ரேடியோவின் கை தானாக எழுந்து தாடிக்குள் புகுந்து தொண்டையைத் தொட்டது. அதைப் பூக்கை கண்ணாடியில் பார்த்தார். பூக்கை பார்த்ததை ரேடியோவும் பார்த்துவிட்டார். சட்டென்று கையை இறக்கினார். சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் அந்தக் கடையில் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டது.

"என் மேல ஏதாச்சும் கோவமா?" குரல் இறங்கியிருந்தது.

"கோவமா? நீ இல்லன்னா நான் என்னடா ஆவேன்! அதனாலதான் இவ்ளோ பயம். வாத்தியார், தபால்காரரு, எல்லார் கழுத்துலயும் அதே நெனப்பு. வீட்ல அவ காய் நறுக்கினா நான் எந்திரிச்சுத் தெருவுக்குப் போயிடுறேன். எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு."

சொல்லி முடித்ததும் வாடிக்கையாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் அழுதால் அதற்கு ஒரு ஒழுங்கே இருக்காது. மூக்கும் வாயுமாக வந்தது. ரேடியோ வழக்கம்போல் துண்டை உதறினார், அவர் தோளில் போட்டார், முகத்தைத் துடைத்துவிட்டார். அந்த வேலை அவர் கைக்குத் தெரிந்த வேலை.

"அடப்பாவி" என்றார் கடைசியில். "என் கழுத்தக் காப்பாத்தவா என்னைக் கரடி ஆக்கி வெச்ச?"

பூக்கைக்கு அழுகையோடு சிரிப்பும் முட்டிக்கொண்டது.

"பைத்தியமா இல்லையான்னு எனக்குத் தெரியாது மச்சான். எனக்கு முடி வெட்டத்தான் தெரியும். தெரிஞ்சவங்ககிட்ட கேப்போம். பெரிய ஆஸ்பத்திரியில கடைசிக் கட்டடத்துல மனசுக்குப் பாக்குறாங்க. நம்ம நாற்காலியில உக்கார்ற ஒரு ஆளே அங்க போறாரு, ரொம்ப நாளா."

"யாரு?"

"அது உனக்கெதுக்கு?"

பூக்கை நிமிர்ந்து பார்த்தார். ஊர்க்கதை அத்தனையும் பேசுகிற இந்த வாய், இப்படி எத்தனை கதைகளை விழுங்கிவைத்திருக்கிறதோ!

வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். ரேடியோதான் தங்கையிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "கத்தியெல்லாம் எடுத்து ஒளிச்சு வெய்யி, எங்க வெச்சேன்னு எங்கிட்ட சொல்லாதன்னாரு அண்ணே. தன்னையே ஏதோ பண்ணிக்கப் போறாருன்னு நெனச்சுட்டேன்" என்றாள். பிறகு கணவரைப் பார்த்து, "என்னங்க, இத அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் கொஞ்சம் தூங்கியிருப்பேன்ல?" என்றாள். திட்டுகிற குரல்தான். ஆனால் அவள் விரல்கள் அவர் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தன.

திங்கட்கிழமை காலை கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கடைசிக் கட்டடத்துக்குப் போகிற நடை நீளமாக இருந்தது. எதிரே வருகிறவர்களில் தெரிந்த முகம் உண்டா என்று பூக்கை குனிந்த தலையோடு பார்த்துக்கொண்டே நடந்தார். ஊரில் பாதித் தலை அவர் கையால் வெட்டியது. பின்மண்டையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். அதுதான் வினையாயிற்று. மனநலப் பிரிவின் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பின்மண்டையை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. திரும்பிவிடலாம் என்று ரேடியோவின் கையை இழுப்பதற்குள் அந்த மண்டை திரும்பிவிட்டது.

"அட! பூக்கையா!" என்று எழுந்தார் தபால்காரர். பிறகு முகம் மாறி, "ஒரு தபால் குடுக்கலாம்னு வந்தேன்" என்றார். தோளில் பை இல்லை, கையில் கடிதமும் இல்லை.

"நாங்க ஒருத்தரப் பாக்க வந்தோம்" என்றார் பூக்கை.

ரேடியோ விட்டத்தில் சுழல்கிற மின்விசிறியை அதிசயம்போல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தபால்காரர் தானாகவே பேசினார், தரையைப் பார்த்தபடி.

"எனக்குத் தூக்கம் இல்ல பூக்கை. படுத்தா நெஞ்சுல கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கும். மாத்திரை சாப்பிட்டு இப்பப் பரவால்ல. ஆனா பகல்ல கண்ண மூடணும்னா உங்க நாற்காலி ஒண்ணுலதான் முடியும். அன்னிக்கு நீங்க பாதியில போனதுகூடத் தெரியல. எந்திரிச்சுப் பாத்தா ரேடியோ நிக்கிறாரு." அவர் சிரித்தார். "யாரு மடியிலயோ படுத்த மாதிரி இருக்கும் உங்க கை."

தன் கையைக் கண்டு தான் ஓடிய அதே நேரத்தில், ஒரு மனிதர் அந்தக் கையை நம்பித் தூங்கிக்கொண்டிருந்தார். பூக்கைக்கு வெட்கமாகவும் இருந்தது, யாரோ தலையைத் தடவியது போலவும் இருந்தது. "எனக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுக்குத்தான்" என்றார் மெல்ல. தபால்காரர் நகர்ந்து உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தார்.

உள்ளே டாக்டரம்மா சின்ன வயது. முன்நெற்றி முடியை யாரோ கோணலாக வெட்டியிருந்தார்கள். அது பூக்கையின் கண்ணில் முதலில் பட்டது. சொன்னவுடன் அலறுவாள், போலீசைக் கூப்பிடுவாள் என்று நினைத்து, சொல்லி முடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். பேனா எழுதுகிற சத்தம்தான் கேட்டது. தூக்கம், சாப்பாடு, சின்ன வயது, கோபம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, "அந்த நெனப்பு வர்றப்ப, செஞ்சுரணும்னு ஆசையா இருக்கா?" என்றாள்.

"ஐயோ! என்னம்மா கேக்குறீங்க!" பூக்கை பாதி எழுந்துவிட்டார்.

"உக்காருங்க. பதறுறீங்க பாருங்க, இப்படிப் பதறுறவங்களத்தான் இந்த நோய் புடிச்சு ஆட்டும். கைக்குழந்தையத் தூக்கவே பயப்படுற அம்மாங்க எங்கிட்ட வர்றாங்க. பஸ் ஓட்டுறவங்க வர்றாங்க. எது உங்களுக்கு ரொம்ப ஒசத்தியோ, அதுலயே போய் அது கை வெக்கும். நெனப்பு வர்றது வேற, நீங்க வேற. நெனப்ப விரட்டாதீங்க, அதுக்குப் பயந்து ஓடவும் ஓடாதீங்க. ஓட ஓடத்தான் அது பெருசாகும். மாத்திரை தர்றேன். பழக்கமும் குடுக்கணும், சின்னதுலேர்ந்து. தொழில் கத்துக்கிட்டப்ப மொதல்ல எதுல கத்தி புடிச்சீங்க?"

பூக்கை யோசிக்கவே இல்லை. "பலூன்லம்மா."

அப்படித்தான் அந்தச் சலூனுக்கு மறுபடியும் பலூன் வந்தது. ரேடியோ ஒரு கட்டு வாங்கி வந்து, கன்னம் உப்ப ஊதி, ஒவ்வொன்றுக்கும் மையால் கண் மூக்கு வரைந்து, "இது வாத்தியார், இது டாக்டரம்மா, கொஞ்சம் கோண முடி" என்று நாற்காலியில் வைத்தார். முதல் பலூனில் பூக்கையின் கத்தி அழுந்தி, படார்! முகமெல்லாம் நுரை. வாழ்க்கையில் அவர் கையில் வெடித்த முதல் பலூன். ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தார். "இருபது வயசுல என்னைப் பாத்துச் சிரிச்சியே, வாங்கிக்கோ" என்றார். பூக்கைக்கும் சிரிப்பு வந்தது. வெடித்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு நினைப்பும் வந்தது. வாரங்கள் போயின. பலூன் வெடிப்பது குறைந்தது. பிறகு பின்கழுத்து, கிருதா ஓரம், கன்னம் என்று மனிதர்கள் மேல் கத்தி வந்தது. சில நாள் முடிந்தது. சில நாள் குழாயடிக்குத்தான் போனார், அதையும் அடுத்த முறை டாக்டரம்மாவிடம் சொன்னார். தொண்டை மட்டும் பாக்கி இருந்தது.

ஒரு சனிக்கிழமை, கடைசி ஆள் போனதும், ரேடியோ எதுவும் சொல்லாமல் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து துணியை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். பூக்கை கத்தரிக்கோலை எடுத்தார். நரையும் கறுப்புமாகத் தாடி மடியில் விழுந்தது. உள்ளேயிருந்து பழைய முகம், கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் வயதாகி, வெளியே வந்தது. ரேடியோ பேசிக்கொண்டிருந்தார். தபால்காரரின் மகள் பற்றி, மழை பற்றி, பாட்டுப் பெட்டியின் கரகரப்பு பற்றி. பூக்கை வெந்நீரில் பிரஷ்ஷைத் தோய்த்து நுரை எழுப்பினார். அந்த வாசனை. சாய்ந்த வெயில் கண்ணாடியில் பட்டு எதிர்ச் சுவரில் எப்போதும் விழுகிற இடத்திலேயே விழுந்திருந்தது.

"அந்தப் பாட்டுப் பெட்டிய மாத்திடலாம் மச்சான், அதுக்கும் நம்மள மாதிரி..." என்று சொல்லிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

பூக்கை குனிந்து பார்த்தார். நடிப்பாக இருக்கும் என்றுதான் நினைத்தார். கீழுதடு தொங்கி, மூச்சு ஒருமுறை தடுக்கி, மெல்லிய குறட்டை கிளம்பியது. அந்தக் குறட்டையை அவருக்குத் தெரியும். அது நடிக்க முடியாதது. தலை பின்னால் சாய்ந்து, கழுத்து முழுக்க நுரையோடு நீண்டிருந்தது. நுரைக்கு அடியில் தொண்டைக்குழி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு இழு இழுத்தால்? வந்துவிட்டது, எதிர்பார்த்த விருந்தாளி மாதிரி. உள்ளங்கை வியர்த்தது. பின்புறம் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. பூக்கை போகவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். இடது கட்டைவிரலைத் தாடைக்குக் கீழே வைத்துத் தோலை மெல்ல இழுத்துப் பிடித்து, கத்தியால் ஒரு வரி நுரையை வழித்தார். விரலுக்கு அடியில் நாடி துடித்தது, மச்சான் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.